சின்ன டவுனால என்ன வளர்ச்சி வந்துடப் போகுது?

எல்லாரும் சென்னை, கோயம்புத்தூர்னு கெளம்பிப் போய்ட்டு இருக்கும்போது சின்ன டவுன்களால சுத்துவட்டாரத்துக்கு என்ன பிரயோஜனம்னு கேட்டிருக்கீங்க. எனக்கு நல்லாத் தெரிஞ்ச டவுன் காரைக்குடி ஒண்ணுதான், எங்க ஊரு கல்லல் பக்கம், அதனால அத வச்சே சொல்றேன்.

என் தங்கச்சிய காலேஜ் அனுப்ப அப்பா மொதல்ல ஒத்துக்கவே இல்ல. மதுரை ஹாஸ்டல்னதும் பேச்சே வேணாம்னுட்டார். காரைக்குடின்னதும் கொஞ்சம் எறங்கி வந்தார், ஏன்னா காலைல டிபன் பாக்ஸோட பஸ் ஏறினா பொழுது சாயறதுக்குள்ள வீடு வந்துடலாம். அவ டிகிரி வாங்கினதுல பாதி அந்த டவுன் பஸ் வாங்கினதுதான். காலேஜ், ஆஸ்பத்திரி, மோட்டாருக்கு காயில் கட்டுற கடை எல்லாம் அன்னன்னிக்கே போய்ட்டு வர்ற தூரத்துல இருக்கறதுக்குத்தாங்க டவுனு.

அதுவும் தானா வந்துடல. பர்மா, மலேயா காசுல எங்க பக்கம் அரண்மனை மாதிரி வீடு கட்டினவங்க எத்தனையோ பேர், அதுல நெறைய வீடு இன்னிக்கு பூட்டிக் கெடக்கு, விசேஷத்துக்கு மட்டும் தொறக்கறாங்க. தொழிலதிபர் அழகப்ப செட்டியார் என்ன பண்ணார்னா 1947ல காரைக்குடில காலேஜ் ஆரம்பிச்சார், 300 ஏக்கர் நெலமும் 15 லட்ச ரூபாயும் தூக்கிக் குடுத்து மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தையே (நாங்க சிக்ரின்னுதான் சொல்லுவோம்) ஊருக்கு வரவச்சார், 1948ல நேரு வந்து அடிக்கல் நாட்டினார், 1953ல தொறந்தாங்க. அன்னிக்குப் போட்ட அந்த வெதைதான் 1985ல அழகப்பா யுனிவர்சிட்டி வரைக்கும் வந்து நிக்குது.

ஆனா ஒண்ணு, படிப்பு வந்த அளவுக்கு வேலை வரல. பக்கத்துல புதுவயல்ல ரைஸ் மில்லு இருக்கு, ஆத்தங்குடில கண்ணாடி மேல கலர் சிமெண்ட்ட ஊத்தி கையாலயே டைல்ஸ் போடறாங்க, கானாடுகாத்தான்ல பழைய வீட்ட ஹோட்டலாக்கிட்டாங்க, எல்லாம் நல்லதுதான், ஆனா பி.இ. முடிச்ச பையன் அங்க போய் என்ன செய்வான், அவன் விடியக்காலை பல்லவன் எக்ஸ்பிரஸ்ல ஏறிடறான், நானும் அப்படி ஏறினவன்தான். ஆளத் தயார் பண்ணி மெட்ராசுக்கு ஏத்தி விடற டவுனாவே இருந்தா வட்டாரம் எப்படி முன்னேறும்?

2024ல காரைக்குடிய மாநகராட்சி ஆக்கி கோட்டையூர், கண்டனூர் எல்லாம் உள்ள சேத்துட்டாங்க. நிதி கூட வரும், ரோடு தண்ணி சரியாகும்னு பெரும கொஞ்சம் இருக்கு, இல்லைங்கல. ஆனா எந்த ஊர்லயும் ஒரு ஊராட்சி மாநகராட்சிக்குள்ள போச்சுன்னா நூறு நாள் வேலை நின்னுடும், அது கிராமத்துக்கு மட்டும்தான். பேர்ப்பலகை மாறின அன்னிக்கே நாத்து நடற பொம்பளைக்கு கடைல வேலை கெடைச்சுடுமா என்ன? பெரும பேசறவங்க இதப் பேசறதில்ல.

தங்கச்சி இப்ப அதே காரைக்குடில ஒரு ஸ்கூல்ல டீச்சர். பஸ்ஸும் அதேதான், டிபன் பாக்ஸ்தான் பெருசாயிருக்கு. சம்பளம் சென்னைல நான் குடுக்கற ரூம் வாடகைய விட கொஞ்சம்தான் ஜாஸ்தி.