சமூக நிறுவனங்களுக்கு அரசு என்ன செய்யலாம்? – கேள்வி பதில்

கேள்வி: சமூக நிறுவனங்களுக்கு அரசு தாராளமாக மானியம் கொடுத்தால் போதாதா?

பதில்: மாற்றுத்திறனாளிகளுக்கு வேலை தருவது போன்ற சமூக நோக்கத்துக்காகவே வியாபாரம் செய்பவைதான் சமூக நிறுவனங்கள். தொடக்கத்தில் மானியம் கைகொடுக்கும், மறுக்கவில்லை. ஆனால் அது நின்ற மாதமே கதவைச் சாத்த வேண்டி வந்தால் என்ன பயன்? தென்கொரியா 2007-இல் சமூக நிறுவனங்களுக்கென்றே சட்டம் கொண்டுவந்து, அங்கீகாரம் பெற்ற நிறுவனங்களின் சம்பளச் செலவில் ஒரு பங்கைச் சில ஆண்டுகளுக்கு ஏற்றுக்கொண்டது. அந்தக் காலத்துக்குள் நிலையான வாடிக்கையாளர் கிடைத்தாக வேண்டும். அரசைவிடப் பெரிய வாடிக்கையாளர் யார்? மருத்துவமனைக்குச் சலவை, அலுவலகத்துக்குத் துப்புரவு, பள்ளிக்குச் சாப்பாடு என்று தினமும் வாங்கிக்கொண்டே இருக்கிறது. அதில் ஒரு பகுதியை இவர்கள் பக்கம் திருப்பினால், என்னைக் கேட்டால், அதுதான் பெரிய உதவி.

கேள்வி: டெண்டர் எல்லோருக்கும் பொதுதானே? எங்களால் ஏன் உள்ளே நுழையவே முடிவதில்லை?

பதில்: டெண்டர் படிவத்தைப் பாருங்கள். கடந்த 3 ஆண்டு விற்றுமுதல், முன்வைப்புத் தொகை, இதே அளவு வேலையை முன்பு முடித்ததற்கான சான்று. சின்ன நிறுவனங்கள் பெரும்பாலும் இங்கேயே கழன்றுவிடும். தாண்டி வந்தாலும், பொதுவாகக் குறைந்த விலை கேட்டவருக்கே வேலை. மாற்றுத்திறனாளிகளுக்குப் பயிற்சி கொடுத்து வேலையில் வைத்திருப்பதன் பலன் எந்த விலைப்புள்ளியிலும் தெரியாது.

பெரிய ஒப்பந்தத்தைச் சிறு வேலைகளாகப் பிரிக்கலாம். சமூகப் பலனுக்கும் மதிப்பெண் தரலாம். சேவைகளை வாங்குமுன் சமூகப் பலனையும் பரிசீலிக்கச் சொல்கிறது பிரிட்டனின் 2012 சட்டம். ‘பரிசீலி’ என்பதோடு நின்றுவிட்டது அதன் பலவீனம். இத்தாலியின் 1991 சட்டம் இன்னும் துணிச்சலானது. ஒரு சமூகக் கூட்டுறவின் தொழிலாளர்களில் 30 சதவீதமாவது பின்தங்கிய நிலையில் இருப்பவர்கள் என்றால், அந்தக் கூட்டுறவுக்குக் குறிப்பிட்ட தொகைக்குட்பட்ட வேலையை வழக்கமான டெண்டர் விதிகளைத் தாண்டிக் கொடுக்கலாம்.

அப்புறம் பில். வேலையை முடித்துவிட்டுப் பணத்துக்கு மூன்று மாதம் அலைந்தால், இடையில் சம்பளம் போட வட்டிக்குத்தான் வாங்க வேண்டும். இந்தியாவின் 2006 சட்டப்படி, குறு, சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்கு மேல் இழுத்தடித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் விகிதத்தைப்போல் 3 மடங்கு கூட்டு வட்டி தர வேண்டும். அரசு அலுவலகங்களே இதை ஒழுங்காகக் கடைப்பிடித்தால், புதுத் திட்டம் எதுவும் அறிவிக்காமலே பல நிறுவனங்கள் பிழைக்கும்.

கேள்வி: சலுகைக்காகப் போலிகள் கிளம்பிவிட மாட்டார்களா?

பதில்: கிளம்புவார்கள். அதனால்தான் சொத்துப் பூட்டு தேவை. பிரிட்டனில் 2005 முதல் பதிவாகும் சமூக நல நிறுவனங்கள், கலைக்கப்பட்டாலும் தங்கள் சொத்தை உரிமையாளர்களுக்குப் பங்கு போட முடியாது.

கேள்வி: பெரிய கம்பெனிகள் சட்டப்படி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிகளுக்கு ஒதுக்கினால் பொறுப்பு முடிந்துவிடுமா?

பதில்: முடியாது. இந்தியாவின் 2013 கம்பெனிகள் சட்டம் கேட்பது லாபத்தைச் செலவிடும் விதத்தை. அந்த லாபம் எப்படி வந்தது என்பது தனிக் கேள்வி. 2013-இல் டாக்கா அருகே ஆடைத் தொழிற்சாலைகள் இயங்கிய ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் வெளிநாட்டுப் பிராண்டுகளுக்குத் துணி தைத்தவர்கள். அதன் பிறகு பிரான்ஸ் 2017-இல் சட்டம் போட்டது: பெரிய கம்பெனிகள் தங்கள் சப்ளையர்களிடம் உள்ள ஆபத்துகளையும் கண்டறிந்து, தடுக்கும் திட்டத்தை வெளியிட்டு, நிறைவேற்ற வேண்டும். தவறினால் பாதிக்கப்பட்டவர்கள் நீதிமன்றம் போகலாம். வெறும் தன்னார்வ உறுதிமொழிகளை வைத்துக்கொண்டு வழக்குப் போடுவது கடினம்.