செல்லை அளப்பதும் வரைவதும்: டீச்சரிடம் கேளுங்கள்

பாளையங்கோட்டை, பிளஸ் ஒன் மாணவி: டீச்சர், வெங்காயச் செல் படத்துக்குப் பக்கத்தில் "400 மடங்கு" என்று எழுதினேன். தப்பு என்று அடித்துவிட்டார்கள். கண்ணருகு லென்ஸின் 10ஐயும் பொருளருகு லென்ஸின் 40ஐயும் பெருக்கினால் 400 தானே?

பெருக்கல் சரிதான்மா. ஆனால் அது மைக்ரோஸ்கோப்பின் கணக்கு, உன் படத்தின் கணக்கு இல்லை. அதே செல்லை நீ பக்கம் முழுக்கவும் வரையலாம், கட்டைவிரல் அளவிலும் வரையலாம். படத்தின் நீளத்தை உண்மையான நீளத்தால் வகு. செல் 300 மைக்ரான் (ஒரு மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்), படம் 9 செ.மீ., அதாவது 90,000 மைக்ரான் என்றால் 300 மடங்கு.

அம்பாசமுத்திரம், கல்லூரி மாணவர்: கண்ணருகு லென்ஸில் தெரியும் கோடுகள் மைக்ரானா?

இல்லை தம்பி, அவை வெறும் கோடுகள். அவற்றுக்கு மதிப்பு கொடுப்பது ஸ்டேஜ் மைக்ரோமீட்டர் என்கிற அளவுகோல் ஸ்லைடு. அந்த ஸ்லைடில் 1 மி.மீ. நீளத்தை 100 பிரிவாகக் கீறியிருப்பார்கள். ஒரு பிரிவு 10 மைக்ரான். கண்ணருகு லென்ஸைத் திருப்பி இரண்டு அளவுகோலையும் இணையாக்குங்கள். இடது ஓரத்தில் கோட்டோடு கோட்டைப் பொருத்துங்கள். அப்புறம் வலப்பக்கமாக நகர்ந்து, மறுபடி எங்கே சேர்கின்றன என்று பாருங்கள். கண்ணருகில் 40 பிரிவும் ஸ்லைடில் 10 பிரிவும் சேர்ந்தால், 100 மைக்ரானை 40ஆல் வகுக்க வேண்டும்: ஒரு பிரிவு 2.5 மைக்ரான். பொருளருகு லென்ஸை மாற்றினால் இது செல்லாது. ஒவ்வொன்றுக்கும் தனியாகப் பார்த்து, அட்டையில் எழுதி மைக்ரோஸ்கோப் பெட்டிக்குள் ஒட்டிவிடுங்கள்.

வள்ளியூர், பள்ளி ஆசிரியர்: எங்களிடம் அந்த ஸ்லைடே இல்லையே?

சார், கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் ஸ்கேலை 4 மடங்கு லென்ஸுக்கு அடியில் வையுங்கள். வட்டத்தின் குறுக்களவு 4.5 மி.மீ. என்றால், 40 மடங்கு லென்ஸில் அது 0.45 மி.மீ. அதற்குள் மூன்று செல் வரிசையாக அடங்கினால் ஒன்று சுமார் 150 மைக்ரான். தோராயம்தான், ஆனால் வகுப்புக்குப் போதும்.

திருநெல்வேலி டவுன், ஒரு தாய்: மகன் பாசியை நிழல் போட்டு அழகாக வரைகிறான். மார்க் குறைகிறதே?

நிழல் வேண்டாம்மா. கூரிய பென்சிலில் விட்டுவிடாத ஒற்றைக் கோடு போதும். வாய்க்காலில் தலைமுடி மாதிரி வழவழவென்று கிடக்குமே, அந்த ஸ்பைரோகைராவில் ஓர் இழையை வைத்து, மைக்ரோஸ்கோப்பின் நுண்திருகை மெதுவாகத் திருப்பச் சொல்லுங்கள். பச்சை நாடா செல்லின் மேல்பக்கம் ஒருமுறை தெளியும், கீழ்ப்பக்கம் ஒருமுறை தெளியும், கம்பத்தில் சுற்றிய கயிறு போல. எத்தனை சுற்று என்று எண்ணிய பிறகு வரையட்டும். ஸ்லைடில் உட்கரு தெரியாமலே புத்தகத்தைப் பார்த்து நோட்டில் உட்கரு போடும் பிள்ளைகளைக் கண்டால் எனக்கு மனசு தாங்காது. தெரியாததை வரையவே வேண்டாம்.

அதே மாணவி: எந்தக் கண்ணால் பார்க்க வேண்டும் டீச்சர்?

வலது கைக்காரி என்றால் இடது கண்ணால் பார். நோட்டு வலப்பக்கம் இருக்கட்டும், இரண்டு கண்ணும் திறந்தே இருக்கட்டும். நாலு நாளில் பழகிவிடும்.