தேதி போட்ட நோட்டு

ஐயா,

மதுரைப் பக்கம் அரிட்டாபட்டியில் வரவிருந்த டங்ஸ்டன் சுரங்கத்தைத் தடுத்தது மக்கள் போராட்டம். அதில் பறவை பார்ப்பவர்களுக்கு என்ன பங்கு? எங்கள் ஊர்க் கண்மாயில் பாதியை மண்ணடித்து மூடிவிட்டார்கள். நாங்கள் நான்கு பேர் ஞாயிறுதோறும் போய்ப் பறவைகளைப் பார்த்துவிட்டு வருகிறோம். இது பொழுதுபோக்குதானே என்கிறார் மனைவி. கைப்பேசியில் நாலாயிரம் படங்கள் சேர்ந்துவிட்டன. நல்ல கேமரா வாங்கலாமா?

ஆர்., மதுரை

அன்புள்ள ஆர்.,

கேமரா பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. உங்கள் மனைவி கேட்டது நியாயமான கேள்வி.

போராட்டம் மக்களுடையதுதான், யார் மறுத்தார்கள்? ஆனால் சுரங்க ஏலம் முடிந்தது 2024 நவம்பரில். அதற்கு இரண்டு வருடம் முன்பே, 2022 நவம்பரில், அரிட்டாபட்டியிலும் மீனாட்சிபுரத்திலுமாக 193 ஹெக்டேர் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாகிவிட்டது, அதாவது உயிரினங்களுக்காகக் காக்க வேண்டிய இடம் என்று அரசே அறிவித்த இடம்; தமிழ்நாட்டிலேயே முதலாவது. சுமார் 250 வகைப் பறவைகள், லகர் வல்லூறு, தேவாங்கு, அழுங்கு என்று அரசு சொல்கிறதே, அந்தக் கணக்கு வானத்திலிருந்து விழவில்லை. பாறைச் சூட்டில் உட்கார்ந்து யாரோ எண்ணி எழுதியது. எதிர்ப்பு முற்றியபோது, டிசம்பரில், அந்தத் தலத்தைத் தவிர்த்து எல்லையை மாற்ற முடியுமா என்று மறுஆய்வு செய்யச் சொன்னது ஒன்றிய அரசு. மிச்சத்தைத் தோண்டிக்கொள்ளலாம் என்ற கணக்கு அது. ஊர் ஒப்பவில்லை. மதுரைக்குத் திரண்டு வந்தார்கள்; 2025 ஜனவரியில் ஏலமே ரத்தானது. காலும் வேண்டும், காகிதமும் வேண்டும்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. இளவயதில் நானும் ஒரு கண்மாய்க்குப் பதினொரு வருடம் போனேன். கலுங்குக்கு மேற்கே நாமக்கோழிகள் கறுப்பாக மிதக்கும். வெள்ளாடு மேய்க்கும் பெரியவர் ஒருவர், எந்த மாதம் எது வரும் என்று என்னைவிடத் துல்லியமாகச் சொல்வார். அங்கே கட்டடம் வரப்போகிறது என்று தெரிந்ததும் மனு எடுத்துக்கொண்டு ஓர் அலுவலகத்துக்கு ஓடினேன். மேசைக்குப் பின்னால் இருந்தவர் நல்ல மனிதர்தான். "எழுத்தில் ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்டார். இல்லை. எல்லாம் மனதில் இருந்தது. வருவாய்ப் பதிவேட்டிலோ அந்த இடம் முப்பது வருடமாகத் "தண்ணீர் நிற்பதில்லை" என்று இருந்தது. அவர் எதை நம்புவார்? பெரியவரும் போய்விட்டார், அவர் மாதக்கணக்கும் அவரோடு போய்விட்டது. நான் அதையாவது எழுதியிருக்கலாம். சோம்பேறி.

நீங்களும் அதே சோம்பேறிதான், கோபித்துக்கொள்ளாதீர்கள். நாலாயிரம் படம் இருக்கிறதாம்! எந்த மடைக்குப் பக்கத்தில் எடுத்தது, அன்று தண்ணீர் எவ்வளவு இருந்தது, கூடு இருந்ததா என்று ஒரு படத்துக்காவது குறிப்பு உண்டா? பறவையின் ஆங்கிலப் பெயர் தெரியாதென்றால் உங்கள் ஊர்ப் பெயரை எழுதுங்கள், எண்ணிக்கை தெரியாதென்றால் "நிறைய" என்று எழுதுங்கள். தேதியை மட்டும் விடாதீர்கள்.

இந்த ஞாயிறு போகும்போது ஒரு நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மூடிய பாதியையும் எழுதுங்கள். மண் லாரி எத்தனை மணிக்கு வருகிறது என்பதையும்.