தனியார் சேனல்களில் வெளிநாட்டு நிகழ்ச்சிகளின் ஆதிக்கம் ஏன்? தமிழில் இதைத் தடுக்க முடியாதா?

சேலம் அம்மாபேட்டையில் 1992 முதல் பதினோரு வருடம் கேபிள் லைன் ஓட்டியவன் நான். அதனால் என் பதில் மொட்டை மாடியிலிருந்துதான் தொடங்கும்.

அண்ணனும் நானும் கடன் வாங்கிப் பன்னிரண்டு அடி டிஷ் ஒன்றை மாடியில் நிறுத்தினோம். அதில் முதலில் சிக்கியவை ஸ்டார் டிவியின் ஐந்து சேனல்கள், 1991இல் ஹாங்காங்கிலிருந்து தொடங்கியவை. ஒன்றில் அமெரிக்கத் தொடர்கள், ஒன்றில் இங்கிலீஷ் பாட்டு, ஒன்றில் விளையாட்டு, ஒன்று பிபிசி. ஐந்தாவது முழுக்கச் சீன மொழி. அம்மாபேட்டைக்குச் சீன மொழி! அதையும் சேர்த்துத்தான் மாதம் அறுபது ரூபாய் வசூலித்தோம். வெளிநாட்டு ஆதிக்கம் என்றால் அதுதான் ஆதிக்கம், நூற்றுக்கு நூறு. ஆனால் ஜனங்கள் காசு கொடுத்தது அதற்கில்லை, ராத்திரி ஒன்பது மணிக்கு நாங்கள் வி.சி.ஆரில் போட்ட தமிழ்ப் படத்துக்கு. (உரிமம் வாங்கினீர்களா என்று கேட்டுவிடாதீர்கள்.)

எங்கள் லைனில் பாதி தறி வீடுகள், மீதியில் நிறைய கொலுசுப் பட்டறைகள். அங்கே டிவியை யாரும் பார்ப்பதில்லை, கேட்பார்கள். கண்ணெல்லாம் கம்பியிலும் கண்ணியிலும் இருக்கும், காது மட்டும்தான் டிவிக்கு. அப்படிப்பட்ட வீட்டில் அமெரிக்காக்காரன் எத்தனை கோடி செலவழித்து எடுத்திருந்தால் என்ன? 1993 ஏப்ரல் 14 அன்று சன் டிவி தொடங்கியது. முதலில் நாளுக்குச் சில மணி நேரம்தான். ஒரு வாரத்தில் பட்டறைக்காரர் ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டார்: "தம்பி, அந்தச் சீனாக்காரன எடுத்துட்டு அந்த எடத்துல இத நல்லாத் தெளிவா வைப்பா." எடுத்தோம். சீனாக்காரன் எங்கே என்று இன்றுவரை ஒருவர் கேட்கவில்லை.

அப்படியென்றால் சேனல்கள் ஏன் வாங்குகின்றன? இதற்கும் கொலுசுப் பட்டறைக் கணக்குதான். அச்சு வெட்டத்தான் செலவு. வெட்டிவிட்டால் ஆயிரமாவது ஜோடிக்கு வெள்ளி விலையும் கூலியும்தான். அமெரிக்கத் தொடரின் 'அச்சுக் கூலி' அவர்கள் ஊர் விளம்பரத்திலேயே பெரும்பாலும் வந்துவிடும். அதற்குப் பிறகு வெளியே விற்பதெல்லாம் லாபம். அதனால் விலை, படமெடுத்த செலவை வைத்து இல்லை, வாங்குகிறவனின் சக்தியை வைத்து. பணக்கார நாட்டுக்கு ஒரு ரேட், ஏழை நாட்டுக்கு ஒரு ரேட். அதே ஒரு மணி நேரத்தைச் சொந்தமாக எடுக்கப் பல மடங்கு ஆகும். 1974இலேயே நார்டென்ஸ்ட்ரெங், வாரிஸ் என்ற இரண்டு பின்லாந்து ஆய்வாளர்கள் யுனெஸ்கோவுக்காக இதை ஆராய்ந்து, தொலைக்காட்சிப் போக்குவரத்து ஒருவழிப் பாதையா என்று தலைப்பிலேயே கேட்டுவிட்டார்கள்.

ஆனால் மலிவுச் சரக்கு எந்த நேரத்தில் ஓடுகிறது என்று பாருங்கள். விளம்பர ரேட் உச்சத்தில் இருக்கும் ராத்திரி ஏழிலிருந்து பத்து வரை, தமிழில் எடுத்த சீரியலை அசைக்க முடியாது. அங்கே வெளிநாடு வருவது படச்சுருளாக இல்லை, சமையல் குறிப்பு மாதிரி, நிகழ்ச்சியை எப்படி நடத்துவது என்ற செய்முறையாக. 1998இல் பிரிட்டனில் பிறந்த வினாடி வினாதான் இங்கே கோடீஸ்வரன் ஆனது. 1999இல் நெதர்லாந்தில் பிறந்ததுதான் 2017இல் கமல்ஹாசனோடு வந்த பிக்பாஸ். உரிமத்துக்கான பணம் வெளியே போகிறது. ஆனால் கேமராக்காரர், லைட்மேன், எடிட்டர், பேசுகிறவர், சண்டை போடுகிறவர் எல்லாம் நம் ஆட்கள்.

இதை நான் பெரிய குற்றமாக நினைக்காததற்குச் சேலத்துக்காரன் என்பதும் காரணம். ஏற்காடு ரோட்டில் போனால் மாடர்ன் தியேட்டர்ஸ் என்ற பழைய சினிமா ஸ்டுடியோவின் வளைவு இன்னும் நிற்கிறது. மலையாளத்தின் முதல் பேசும் படம் 1938இல் அந்த நிறுவனம் எடுத்ததுதான். தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமும், 1956இல், அவர்களுடையதே. அதன் கதை அராபியாவிலிருந்து வந்தது. அமெரிக்கரான எல்லிஸ் டங்கன் அங்கே தமிழ்ப் படம் இயக்கியிருக்கிறார். கதை எங்கிருந்து வந்தது என்று அன்று யாரும் மல்லுக்கு நிற்கவில்லை. வேலை சேலத்தில் நடந்தது.

டப்பிங்கில்தான் அந்த வேலை இல்லை. குரல் கொடுக்கிற நாலு பேர், வசனம் எழுதுகிற ஒருவர், முடிந்தது. அதுவும் தமிழ் பெரியவர்களுக்கு வருகிற டப்பிங்கில் பெரும்பங்கு வெளிநாடு இல்லை, இந்தி. பொட்டும் நகையும் நமக்குப் பழக்கமான முகங்கள் என்பதால் அது வெளியூர்ச் சரக்கு என்றே தெரிவதில்லை.

உண்மையான இறக்குமதி ஆதிக்கம் எங்கே என்றால், குழந்தைகள் சேனலில். 2007இல் சுட்டி டிவி வந்ததிலிருந்து நம் பிள்ளைகள் டோராவோடும் புஜ்ஜியோடும்தான் வளர்கிறார்கள். கார்ட்டூனுக்கு வாய் அசைவு ஒரு தொந்தரவே இல்லை, எந்த மொழியையும் ஒட்டலாம். நாலைந்து வருடத்தில் பழைய பிள்ளைகள் வளர்ந்து புதுப் பிள்ளைகள் வந்துவிடும், அதே எபிசோடைத் திரும்பப் போடலாம். புதிதாக வரைந்து எடுக்கவோ ஏகப்பட்ட செலவு, பிஸ்கட்டும் சத்துமாவும் மட்டும் விளம்பரம் கொடுத்தால் அது கட்டுப்படியாகாது. எந்தக் கணக்குப்பிள்ளையும் டப்பிங் பக்கம்தான் கை காட்டுவார்.

விளைவை வீட்டிலேயே பார்த்தேன். என் தங்கை ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் இருக்கிறாள். மழைக்காலத்தில் ஒருநாள் போயிருந்தபோது வாசற்படியில் மரவட்டை ஒன்று ஊர்ந்தது. ஐந்து வயது மகள் கையை விரித்துக்கொண்டு என் அம்மாவிடம், "பாட்டி, இது மிகவும் ஆபத்தானது! நாம் உடனே இங்கிருந்து கிளம்பியாக வேண்டும்!" என்றாள். அம்மா அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஏஞ்சாமி, மரவட்டைக்கா இந்தப் பேச்சு? குச்சியில தள்ளி உடு" என்றார். அந்தக் குழந்தை பேசியது சேலத்துத் தமிழும் இல்லை, சென்னைத் தமிழும் இல்லை. எல்லா ஊருக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று ஸ்டுடியோவில் கட்டிய, எந்த ஊரிலும் யாரும் பேசாத தமிழ்.

தடுக்க முடியாதா என்று கேட்டிருக்கிறீர்கள். பக்கத்துக் கர்நாடகத்தில் 1960களிலிருந்து டப்பிங்குக்கு எழுதாத தடை இருந்தது. 2015இல் இந்தியப் போட்டி ஆணையம் அது தவறு என்று சொல்லிவிட்டது. முழுத்தடை வேண்டும் என்று நானும் சொல்லமாட்டேன், டோராவைப் பிடுங்கினால் என் தங்கை மகள் என்னை வீட்டுக்குள் விடமாட்டாள். பெரியவர்கள் நேரத்துக்குச் சட்டமும் வேண்டாம், அதைப் பட்டறைக்காரர் அன்றைக்கே பார்த்துக்கொண்டார். பிள்ளைகள் நேரத்துக்கு மட்டும் வேண்டும். ஆஸ்திரேலியாவில் தனியார் சேனல்கள் வருடத்துக்கு 260 மணி நேரம் சிறுவர் நிகழ்ச்சியும் 130 மணி நேரம் மழலையர் நிகழ்ச்சியும் போட்டே ஆகவேண்டும் என்று விதி இருந்தது. 2021இல் அந்த விதியை நீக்கினார்கள். நீக்கியதும் அந்தச் சேனல்களில் சிறுவர் நிகழ்ச்சி மளமளவென்று குறைந்துபோனது.