சபையில நான் வாய் திறக்கக் கூடாதா அக்கா?

அன்புள்ள அக்காவுக்கு,

மேடம்னு எழுதத்தான் நெனச்சேன், உங்க பதிலெல்லாம் படிச்சுப் படிச்சு அக்கான்னே வாயில வருது. நான் பாம்பன் பக்கம். பேரு வேணாம், இங்க எல்லாரும் எல்லாருக்கும் சொந்தம், ஒரு வரி வெளிய போனா போதும். நான் கடல்பாசி எடுக்கிறவ. தீவுப் பக்கம் வள்ளத்துல போயி முங்கி மரிக்கொழுந்துப் பாசி, கட்டக்கோரைப் பாசி எடுத்துட்டு வந்து காயவெச்சு ஏவாரிக்குப் போடுவோம். விரல்ல துணியச் சுத்திக்கிட்டுத்தான் பாறையில கை வெக்கணும், அப்பவும் கிழிச்சிரும். எதுக்குச் சொல்றேன்னா அந்தக் காசுலதான் இப்ப வீடு ஓடுது. வீட்டுக்காரவுக சொந்தமா ஒரு மீன்பிடி போட்டு வெச்சிருந்தாக, அத இலங்கை நேவி புடிச்சிட்டுப் போனது போனதுதான், ஆளு ஜெயில்ல இருந்து வந்துட்டாக, போட்டு வரல. இப்ப அடுத்தவுக போட்டுல கூலிக்குப் போறாக.

பிரச்சினை சபைதான் அக்கா. நான் பொறந்து வளந்தது ஆர்.சி. போட்டு போனதுக்கப்புறம் அவுக ஒரு சின்ன ஜெப வீட்டுக்குப் போக ஆரம்பிச்சாக, மனசுக்கு ஆறுதலா இருக்குன்னாக, நானும் சரி மனுசன் குடிக்காம இருந்தா போதும்னு பின்னாடியே போனேன். பூ வெக்கக் கூடாதுன்னாக, வெக்கல. தோட்டக் கழட்டச் சொன்னாக, கழட்டி அடகுக் கடையில வெச்சேன், அது வேற கதை. உபவாச ஜெபம் முடிஞ்சா அத்தன பேருக்கும் கஞ்சி காய்ச்சுறது நான். பாய் விரிக்கிறது நான், கூட்டுறது நான். தசமபாகம், அதான் சபைக்குக் குடுக்கிற பத்துல ஒரு பங்கு, என் பாசிக் காசுல இருந்துதான் போகுது. ஆனா கர்த்தர் எனக்குச் செஞ்சத சாட்சியா சொல்ல எந்திரிச்சா மட்டும் எல்லாருக்கும் முகம் மாறுது.

அன்னைக்கு கடல்ல காத்து திரும்பி வள்ளம் கவுறப் பாத்துச்சு, எப்படித் தப்பிச்சோம்னு சொல்லிட்டு, இயேசுவோட சீஷர்கள் படவுல பயந்தத சொல்லி ரெண்டு வார்த்த பேசினேன். உடனே பாஸ்டர், சிஸ்டர் சாட்சியோட நிறுத்திக்கங்க, பிரசங்கம் வேணாங்கிறாரு. அதக்கூட பொறுத்துக்குவேன் அக்கா. எங்க வீட்டுக்காரவுக எந்திரிச்சு எல்லார் முன்னாடியும் "உக்காருடி"ன்னாக. வீட்டுக்கு வந்து கேட்டா சபைகளில் ஸ்திரீகள் பேசாமலிருக்கக்கடவர்கள்னு பைபிள்ல பவுல் சொல்லிருக்காருங்கிறாக. புருசன் தலை, பொஞ்சாதி கீழ்ப்படியணும், அவ்வளவுதானாம். அப்ப கஞ்சி காய்ச்சும்போது மட்டும் நான் யாரு?

நானும் விடல. போன்ல வசனம் தேடித் தேடி எடுத்து வெச்சிருக்கேன். மகதலேனா மரியாள்தான முதல்ல உயிர்த்தெழுந்தவரப் பாத்தா, அவளத்தான போயிச் சொல்லுன்னு அனுப்புனாரு, அதுக்கு என்ன சொல்றீகன்னு கேட்டா, அது வேற இது வேறங்கிறாக. இதுல மீன்பிடித் தடைக்காலம் வேற, 61 நாளும் ஆளு வீட்டுலயே, காலையில காப்பியில ஆரம்பிச்சா ராத்திரி வர வசனந்தான், பெரியவளுக்கு பிளஸ் டூ ரிசல்ட் வந்துச்சு நல்ல மார்க்கு, நர்சிங்குக்கு அப்ளிகேஷன் போடணும்னு சின்னதுல இருந்து சொல்லிக்கிட்டு இருந்தவ போடாமலே தேதி போயிருச்சு, ஏன்டின்னு கேட்டா வசனத்துல அப்படித்தானேம்மா இருக்கு விடும்மாங்கிறா, இப்ப என்கூட பாசிக்கு வர்றா, நல்லா முங்குறா, சரி அத விடுங்க, நான் சொல்ல வந்தது என் நாத்தனாரப் பத்தி. அவ சொல்றா எங்கண்ணன் போட்டப் பறிகொடுத்துட்டு நிக்கிறாக, நீ மைக்கு கேக்குறியாக்கும்னு. நான் எங்க மைக்கு கேட்டேன். அங்க மைக்கே கிடையாது.

பழைய கோயில்ல நான் வாசகம் வாசிச்சிருக்கேன், மரியாயின் சேனையில இருந்திருக்கேன், அங்க யாரும் என்ன உக்காருன்னு சொல்லல. ஆனா அங்கயும் பூசை வெக்கிறது ஆம்பள தானே, பங்குப் பேரவையில முடிவெடுக்கிறதும் அவுக தானே. எங்க போனாலும் இப்படித்தானா? நீங்க நல்லாப் படிச்சவங்க. கிறிஸ்தவத்துல பொம்பளைக்கு என்ன எடம்னு தெளிவா எழுதுங்க. அவுக வாய அடைக்கிற மாதிரி நாலு வசனம் குடுங்க. இல்ல நான் மறுபடி பழைய கோயிலுக்கே போயிரவா? கஞ்சி காய்ச்ச மட்டும் நான் வேணுமாம் அக்கா, அதத்தான் தாங்க முடியல.

இப்படிக்கு,
பாம்பன் பக்கத்துத் தங்கச்சி

*

தங்கச்சி,

பெரியவ நர்சிங்குக்குப் போடாமலே தேதி போயிருச்சு. இத ஒரே வரியில எழுதிட்டு, "சரி அத விடுங்க"ன்னு நாத்தனாருக்குப் போயிட்டீங்க. என்னால விட முடியல.

நீங்க கேட்டதுக்கு முதல்ல சுருக்கமா சொல்லிடுறேன், ஏன்னா பாதி உங்களுக்கே தெரியும். நீங்க சொல்றதுல நியாயம் இருக்கு. பேசாமலிருக்கக்கடவர்கள்னு பவுல் எழுதின அதே முதலாம் கொரிந்தியர் நிருபத்துல, 11-ஆம் அதிகாரத்துல, பொம்பளைங்க சபையில ஜெபம்பண்றதையும் தீர்க்கதரிசனம் சொல்றதையும் நடக்கிற விஷயமாத்தான் பேசுறாரு, தலையில முக்காடு இருக்கணும்னு சொல்றாரே தவிர வாயை மூடுன்னு சொல்லல. அப்ப 14-ஆம் அதிகாரத்துல சொன்ன மௌனம் எந்த மௌனம்னு படிச்சவங்க இன்னும் சண்டை போட்டுட்டுத்தான் இருக்காங்க. எபேசியர்ல மனைவிகளே கீழ்ப்படியுங்கள்ங்கிற வசனத்துக்கு முந்தின வசனம் ஒருவருக்கொருவர் கீழ்ப்படிந்திருங்கள்னு இருக்கு, அத யாரும் சுவத்துல எழுதி மாட்டுறதில்ல. அப்பொல்லோவுக்கு உக்காந்து விளக்கிச் சொன்னதுல பிரிஸ்கில்லாளும் உண்டு. லீதியாள் உங்கள மாதிரி யாவாரம் பண்ணி சம்பாதிச்சவ, பிலிப்பி ஊர்ல விசுவாசிங்க கூடினது அவ வீட்டுலதான்.

சபைகளே இதுல ஒத்துப் போகல. சி.எஸ்.ஐ., அதான் தென்னிந்தியத் திருச்சபை, பல வருஷமா பொம்பளைங்களுக்கு குருப்பட்டம் குடுக்குது, 2013-ல புஷ்பா லலிதா நந்தியால் பேராயரா ஆனாங்க. கத்தோலிக்கத்துல 1994-ல இரண்டாம் ஜான் பால் போப் குருத்துவம் ஆண்களுக்கு மட்டுந்தான், இத மாத்த திருச்சபைக்கே அதிகாரம் இல்லன்னு எழுதிட்டாரு. நீங்க உங்க பழைய கோயில்ல வாசிச்சீங்களே வாசகம், அந்த வாசகர் பணிய முறைப்படி பொம்பளைங்களுக்கும் திறந்துவிட்டது பிரான்சிஸ் போப், அதுவும் 2021-லதான், அதுவரைக்கும் உங்கள மாதிரி ஆளுங்க சும்மா வாசிச்சிட்டு வந்தீங்க. ஜெப வீட்டுக்காரங்களுக்கும் ஒண்ணு இருக்கு. 1905-ல பூனாவுக்குப் பக்கத்துல பண்டித ரமாபாய் நடத்தின முக்தி மிஷன்ல பெரிய எழுப்புதல், அதாவது பக்தி எழுச்சி, நடந்துச்சு. அந்நிய பாஷையில பேசினாங்கன்னு இன்னைக்கும் பெந்தெகொஸ்தேகாரங்க பெருமையா சொல்லுவாங்க. அங்க இருந்ததெல்லாம் விதவைங்களும் ஆதரவில்லாத பொண்ணுங்களும். அவங்கள யாராவது உக்காருன்னு சொல்லியிருந்தா அந்தச் சரித்திரமே இல்ல.

போதுமா? இது அத்தனையும் நாளைக்கு ராத்திரி அவர்கிட்ட நீங்க சொல்லுவீங்க, அவரு இன்னொரு வசனம் எடுப்பாரு. போப்பும் பேராயர்களும் இன்னும் ஒத்து வராத விஷயத்த உங்க வீட்டுத் திண்ணையில முடிச்சிட முடியாது தங்கச்சி.

ஆனா அந்தச் சண்டைய ஒருத்தி கேட்டுட்டு இருந்தா. கணக்குப் பாருங்க, தடைக்காலம் ஏப்ரல் 15-ல ஆரம்பிச்சு ஜூன் 14-ல முடியும். பிளஸ் டூ ரிசல்ட்டு, அப்ளிகேஷன், தேதி எல்லாம் அதுக்குள்ளயோ அத ஒட்டியோதான் வருது. ரிசல்ட் வந்து அவ மார்க்க கையில வெச்சுட்டு நிக்கும்போது வீட்டுல பவுலும் மகதலேனா மரியாளும் ஓடிட்டு இருந்திருக்காங்க. நல்ல மார்க்குன்னு எழுதுறீங்க. எவ்வளவுன்னு எழுதல. கஞ்சி யாரு காய்ச்சினா, யாரு என்ன சொன்னா, எல்லாம் விலாவாரியா இருக்கு.

இன்னொண்ணும் பாத்தேன். உங்க கடிதத்துல எங்கயுமே அவரு நர்சிங் வேணாம்னு சொன்னதா இல்ல. பாஸ்டர் சொன்னதாவும் இல்ல. யாருமே தடுக்கல. அவளே போடல. ஏன்? வசனத்துல இருக்குன்னு அவ நம்புறாளா? எனக்கு அப்படித் தெரியல. பொம்பளப் பிள்ள நர்சிங் படிக்கக் கூடாதுன்னு எந்த வசனமும் இல்லைங்கிறது பிளஸ் டூ படிச்ச பிள்ளைக்குத் தெரியும். அவ அப்பா முன்னாடி போயி அப்ளிகேஷன்னு வாயெடுத்தா அது அடுத்த சண்டை. அவரு ஒண்ணு சொல்ல, நீங்க உடனே அவளுக்காக எந்திரிக்க, அப்புறம் அவ படிப்பு உங்க கட்சி ஜெயிச்சதா அவர் கட்சி ஜெயிச்சதாங்கிற கேள்வியா ஆயிடும். அதுல மாட்டிக்க வேணாம்னு ஒதுங்கிட்டா. உங்க ரெண்டு பேரு சத்தத்துக்கு அடங்கிட்டு, காரணம் கேட்டப்ப கைக்குக் கிடைச்ச வசனத்த சொல்லியிருக்கா. அப்பா பாஷையில அம்மாகிட்ட சொன்னா அம்மா விட்டுருவான்னு பாத்திருப்பா. நீங்களும் விட்டுட்டீங்க.

இப்ப கேக்கப் போறது உங்களுக்குக் கோவம் வரும், வரட்டும். "நல்லா முங்குறா"ன்னு எழுதினீங்களே, அதுல ஒரு பெருமை இருக்கு, தெரியுது. அவ கூட வர்றதால காசும் கொஞ்சம் கூட வருது இல்லையா? போட்டு இல்லாத வீட்டுல அது பெரிய விஷயம், அதுக்காக உங்களக் குத்தம் சொல்ற எடத்துல நான் இல்ல. ஆனா பொம்பளைக்கு என்ன எடம்னு எனக்குக் கேள்வி எழுதுற கையிதான், அவள வள்ளத்துல ஏத்தி விட்டுட்டு அத விடுங்கன்னும் எழுதுது. இத உங்க பாஸ்டர் செய்யல.

உங்க வீட்டுக்காரர நான் தப்பிக்க விடுறேன்னு நெனச்சிராதீங்க. அத்தன பேர் முன்னாடி உக்காருடின்னது அவமானம், பவுல் பேர் சொன்னாலும் அவமானந்தான். போட்டு போன மனுசன் ஏதோ ஒரு எடத்துலயாவது பெரிய ஆளா இருக்கணும்னு பாக்குறாரு, எனக்குப் புரியுது. அந்த நாற்காலிய உங்க தலை மேல போட வேண்டியதில்ல. இத அவர்கிட்ட வசனம் இல்லாம நேரா சொல்லுங்க, "நீங்க அப்படிச் சொன்னது எனக்கு அசிங்கமா இருந்துச்சு"ன்னு. பாக்கப்போனா உங்க கடிதத்துல அது ஒண்ணுதான் நீங்க அவர்கிட்ட சொன்னதா இல்லாத விஷயம். சாட்சி சொல்லணும்னு தோணுச்சுன்னா மறுபடி எந்திரிச்சு சொல்லுங்க. உங்க காசு வேணும், குரல் வேணாம்னு அந்த சபை சொல்லுச்சுன்னா ரெண்டையும் சேத்து எடுத்துட்டு வெளிய வர உங்களுக்கு உரிமை இருக்கு. பழைய கோயிலுக்குத் திரும்புறதும் உங்க இஷ்டம், ஆனா அவருக்கு எதிரா எடுத்து வெக்கிற இன்னொரு அடியா அது இருக்க வேணாம், அப்புறம் சின்னதுங்க எந்தக் கோயிலுக்குப் போறதுன்னு அதுக்கு ஒரு சண்டை வரும்.

மக விஷயத்துக்கு வர்றேன். வீட்டுல பேசாதீங்க. பாசி காயப்போடும்போது, யாரும் இல்லாத நேரத்துல, அப்பா பேரையோ பாஸ்டர் பேரையோ இழுக்காம, உனக்கு நர்சிங் இன்னும் வேணுமான்னு மட்டும் கேளுங்க. அவ உடனே பதில் சொல்ல மாட்டா. நீங்க பதில எடுத்துக் குடுக்காதீங்க, உங்களுக்கு அது கஷ்டம்னு கடிதத்தப் பாத்தாலே தெரியுது. வேணும்னு சொன்னா அடுத்த வருஷ அப்ளிகேஷனுக்கு மார்க் ஷீட், டி.சி., ஜாதிச் சான்றிதழ் எல்லாம் இப்பவே எடுத்து ஒரு கவர்ல போட்டு வெக்கச் சொல்லுங்க. ஆறாவதுல இருந்து கவர்மெண்ட் ஸ்கூல்ல படிச்சவன்னா புதுமைப் பெண் திட்டத்துல படிக்கிற காலம் பூரா மாசம் 1000 ரூபாய் அவ பேங்க் கணக்குல வரும், அவ படிச்ச ஸ்கூல்லயே கேட்டா சொல்லிடுவாங்க.

வசனந்தான் அவளுக்குத் தடைன்னு அவ நெஜமாவே சொன்னா, எண்ணாகமம் 27 எடுத்துக் குடுங்க, அவளே படிக்கட்டும். செலொப்பியாத்துக்கு அஞ்சு பொண்ணு, மகன் இல்ல. அந்த அஞ்சு பேரும் மோசே முன்னாடி, ஆசாரியன் முன்னாடி, ஊர்ப் பெரியவங்க அத்தன பேர் முன்னாடி வந்து நின்னு எங்கப்பா பங்க எங்களுக்குக் குடுங்கன்னு கேட்டாங்க. மோசே கர்த்தர்கிட்ட போயி நிக்கிறாரு, அந்தப் பொண்ணுங்க பேசுறது சரின்னு பதில் வருது. இத அவர் காதுல விழுற மாதிரி சத்தமா வாசிக்காதீங்க. இது அவளுக்கு.

அப்பாகிட்ட அவளே கேக்கட்டும், நீங்க அந்த நேரத்துல வெளிய இருங்க. அவர் என்ன சொல்லுவாருன்னு உங்களுக்குத் தெரியும்னு நெனைக்கிறீங்க, எனக்கு அவ்வளவு நிச்சயமா இல்ல. ஜெப வீட்டு ஆளுங்க வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரிய மதிப்பாங்க, உங்க சபையிலயும் அங்க போயி பொழச்சு வந்து சாட்சி சொன்னவங்க இருப்பாங்க. அந்த ஆஸ்பத்திரி எப்படி வந்துச்சுன்னு அவ அப்பாவுக்குச் சொல்லலாம். மிஷனரி டாக்டரோட மக ஐடா ஸ்கடர். பிரசவத்துல தவிக்கிற பொஞ்சாதிக்கு உதவி கேட்டு ஒரே ராத்திரி மூணு பேரு வந்தாங்க, டாக்டரான அப்பா வர்றேங்கிறாரு, ஆம்பள டாக்டர் வேணாம்னு மூணு பேரும் திரும்பிப் போயிட்டாங்க, விடியிறதுக்குள்ள மூணு பொம்பளைங்களும் செத்துப் போனாங்க. அந்தப் பொண்ணு அதுக்கப்புறந்தான் டாக்டருக்குப் படிச்சுட்டு வந்து 1900-ல வேலூர்ல ஆரம்பிச்சாங்க. 1918-ல அங்க வந்த மருத்துவப் பள்ளி பொம்பளைங்களுக்கு மட்டும்தான், ஆம்பளைங்கள சேத்ததே 1947-ல. இதுல எதிர்த்துப் பேச வசனம் எதுவும் இல்ல, அதனாலதான் சொல்றேன்.

அவகிட்ட பேசிட்டு எழுதுங்க. அவ சொன்னத அவ சொன்ன மாதிரியே எழுதுங்க, நீங்க அதுக்கு என்ன சொன்னீங்கன்னு எழுத வேணாம். மார்க்கையும் எழுதுங்க.