பிரேமார் மைதானம் யாருடையது? - கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். நான் ஸ்காட்லாந்தின் அபர்தீன் நகரில் முதுகலை படிக்கிறேன். செப்டம்பர் முதல் சனிக்கிழமை தோழிகளுடன் பிரேமார் ஊரில் நடக்கும் ஹைலேண்ட் (மலைநாட்டு) விளையாட்டு விழாவுக்குப் போயிருந்தேன். கில்ட் என்ற பாவாடை போன்ற உடை அணிந்த ஆண்கள் ஒரு முழு மரத்தையே தூக்கி எறிவதைப் பார்த்தபோது எங்கள் ஊர் இளவட்டக்கல் நினைவுக்கு வந்தது, நெகிழ்ந்துபோனேன். திரும்பும் வழியில், உடன் படிக்கும் ஸ்காட்லாந்து நண்பர், “இதெல்லாம் விக்டோரியா மகாராணிக்காக ஜோடித்தது, இப்போது சுற்றுலாப் பயணிகளுக்காக நடக்கிறது” என்றார். அன்று அடைந்த மகிழ்ச்சியே கலைந்துவிட்டது. நான் பார்த்தது வெறும் காட்சிதானா?

ச., அபர்தீன்

அன்புள்ள ச.,

உங்கள் நண்பர் ஆதாரமில்லாமல் பேசவில்லை. 1746இல் கல்லோடன் போரில் மலைநாட்டுப் படை பிரிட்டிஷ் அரசுப் படையால் நசுக்கப்பட்ட பிறகு, அங்குள்ள ஆண்கள் தங்கள் உடையை அணியவே சட்டம் தடை விதித்தது. 1782இல்தான் அது நீங்கியது. 1822இல் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோவுக்கு வந்தபோது, நாவலாசிரியர் வால்டர் ஸ்காட் செய்த ஏற்பாட்டில் மன்னரே கில்ட் அணிந்து நின்றார். ஒரு தலைமுறைக்கு முன் குற்றமாக இருந்த உடை அரச உடையாகிவிட்டது. 1848இல் விக்டோரியா பிரேமார் விழாவுக்கு வந்தார், அன்றுமுதல் அரச குடும்பத்தின் ஆதரவு தொடர்கிறது. நீங்கள் பார்த்த அலங்காரத்தில் பெரும்பகுதி அந்த நூற்றாண்டின் கைவேலை. பதினொன்றாம் நூற்றாண்டில் மால்கம் மன்னர் தூதுவனைத் தேர்ந்தெடுக்க மலையோட்டம் வைத்தார் என்று சொல்லப்படும் கதையையும் கதையாகவே வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் அந்த விழாவை இன்றும் நடத்தும் சங்கம் எப்படித் தொடங்கியது என்பதை உங்கள் நண்பரிடம் சொல்லுங்கள். 1815இல் பிரேமார் தச்சர்கள் தமக்குள் ஓர் உதவிச் சங்கம் அமைத்தார்கள். நோயுற்றவர், முதியவர், விதவைகள், அநாதைக் குழந்தைகள் ஆகியோருக்குக் கைகொடுப்பது அதன் வேலை. 1832இல் கல் எறிதல், சம்மட்டி எறிதல், கேபர் எறிதல் (நீங்கள் பார்த்த மரம்தான் கேபர்), ஓட்டம் ஆகியவற்றுக்கு அந்தச் சங்கம் பணப் பரிசு கொடுத்தது. மகாராணி வந்தபோது போட்டிகள் ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தன. அவர் வந்து அமர்ந்தார், அவ்வளவுதான்.

இனி அந்த மரத்தைப் பற்றிச் சொல்கிறேன், ஏனெனில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். பிரேமார் கேபர் சுமார் 6 மீட்டர் நீளமும் 60 கிலோ எடையும் உடையது. எவ்வளவு தூரம் போய் விழுந்தது என்று யாரும் அளப்பதில்லை. மெலிந்த முனையைக் கைகளில் ஏந்தி, மரத்தைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஓடிவருகிறார் வீரர். சட்டென்று நின்று மேல்நோக்கி உந்துகிறார். பருத்த முனை தரையில் குத்த, மெலிந்த முனை அதைத் தாண்டிப் புரண்டு, ஓடிவந்த திசையிலேயே நேராக விழவேண்டும். கடிகாரத்தில் பன்னிரண்டு மணிக்கு முள் நிற்பதுபோல் நேராக விழுந்தால் முழு வெற்றி. பின்னாலேயே ஓடிவரும் நடுவர் அந்தக் கோணத்தைத்தான் பார்க்கிறார். ஒருவராலும் புரட்ட முடியாவிட்டால் மரத்தின் ஒரு துண்டை அறுத்துவிட்டு மறுபடி முயல்வதும் உண்டு. 60 கிலோ மரத்துக்கு மகாராணி பார்க்கிறாரா, சுற்றுலாப் பயணி பார்க்கிறாரா என்பது தெரியாது. எறிபவரின் இடுப்பும் முழங்காலும் பொய் சொல்ல முடியாத இடம் அது. நீங்கள் நெகிழ்ந்தது அதைப் பார்த்துத்தான். அந்த நெகிழ்ச்சியை யாருக்காகவும் திருப்பிக் கொடுக்காதீர்கள்.

இளவட்டக்கல் நினைவுக்கு வந்தது சரியான உணர்வு. கல் தூக்கி ஆண்மகன் என்று பெயரெடுக்கும் வழக்கம் அந்த மலைகளிலும் இருந்தது. பிரேமாரிலிருந்து அபர்தீன் திரும்பும் சாலையில், அபாயினுக்கும் பாங்கரிக்கும் நடுவே, டீ நதியின் மேல் போடார்க் பாலம் இருக்கிறது. இரும்பு வளையம் பொருத்திய இரண்டு கற்கள் அங்கே உள்ளன. சேர்ந்து சுமார் 332 கிலோ. 1860இல் டொனால்ட் டின்னி என்ற கல்தச்சர் இரண்டையும் இரு கைகளில் பிடித்துப் பாலத்தின் குறுக்கே நடந்தார் என்பது அந்த வட்டாரத்தின் பெருமை. பின்னர் அவர் அமெரிக்கா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து என்று சுற்றிப் பரிசுப் பணத்தில் வாழ்ந்தார். இந்த விளையாட்டு அவருக்குப் பிழைப்பு. 1979இல் அமெரிக்காவின் ஜான் டாட் கைப்பட்டைகளின் துணையுடன் அக்கற்களைத் தூக்கிய முதல் பெண்ணானார். 2018இல் ஸ்காட்லாந்தின் லீ ஹாலண்ட்-கீன் வெறுங்கையால் தூக்கினார். ஆண்களுக்கென்று வைத்த கல் இப்போது அப்படி இல்லை.

உங்கள் நண்பர் கோபப்பட வேண்டிய விஷயம் வேறு ஒன்று இருக்கிறது. கில்ட்டும் பேக்பைப்பும் அரச சபையில் கொண்டாடப்பட்ட அதே காலத்தில்தான், ஆடு வளர்ப்புக்காக மலைநாட்டுக் குடியானவர்கள் நிலத்தைவிட்டு விரட்டப்பட்டார்கள். சதர்லாந்தின் ஸ்ட்ராத்நேவர் பள்ளத்தாக்கில் 1814இலும் 1819இலும் வீடுகள் கொளுத்தப்பட்டன. உடையை வைத்துக்கொண்டு உடுத்தியவர்களை அனுப்பிவிட்டார்கள். அதைச் சொல்லாமல் இந்த விழாக்களைப் புகழ்வது எனக்கு நெஞ்சுக்கு ஒப்பாது.

ஆனால் விரட்டப்பட்டவர்களும் குத்தகை தாளாமல் கிளம்பியவர்களும் கடல் தாண்டியபோது எதைக் கொண்டுபோனார்கள் என்று பாருங்கள். கனடாவின் நோவா ஸ்கோஷியாவில், ஹைலேண்ட் குடியேறிகள் நிறைந்த ஆண்டிகோனிஷ் ஊரில் 1863இல் இதே விளையாட்டுகள் தொடங்கின, இன்னும் நடக்கின்றன. பிரேமாருக்கு அருகே இருப்பதுபோல் அங்கே பால்மோரல் என்ற அரச மாளிகை இல்லை. தங்களுக்காகவே அவர்கள் அந்த மரத்தை நிமிர்த்தினார்கள்.

அடுத்த கோடையில் நீங்கள் அங்கேயே இருந்தால் பிரேமாரோடு நிறுத்தாதீர்கள். ஆகஸ்டில் அபாயின், பாலட்டர், ஸ்ட்ராத்டான் ஆகிய ஊர்களிலும் விழாக்கள் உண்டு. காலையிலேயே போய் எடை எறியும் இடத்தின் கயிற்றோரமாக நில்லுங்கள். சம்மட்டி எறிபவர்கள் காலணியின் முன்புறத்தில் பொருத்திய இரும்பு அலகைத் தரையில் ஊன்றி, பாதத்தை அசைக்காமல் சுழற்றுவதைக் கவனியுங்கள். ஒலிம்பிக் வீரர்களைப்போல் அவர்கள் உடலோடு சுழல்வதில்லை. சிறிய விழாக்களில் யார் வேண்டுமானாலும் பெயர் கொடுக்கக்கூடிய ஓட்டங்கள் வைப்பதுண்டு. அப்படி ஒன்று இருந்தால் பெயரைக் கொடுத்துவிடுங்கள். உங்கள் நண்பரையும் இழுத்துக்கொண்டு போங்கள்.

அன்புடன்