வளையை எண்ணினால் நண்டு ஆகுமா?

ஐயா, வணக்கம். கரூரில் பி.எஸ்ஸி. விலங்கியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். இதுவரை களப்பயணம் என்று போனது ஒரே நாள், உயிரியல் பூங்காவுக்கு. பணம் கட்டினால் பத்து நாள் காட்டில் தங்கவைத்துக் கள ஆய்வு சொல்லித்தருகிறார்களாம். சேரலாமா? எம்.எஸ்ஸி. எங்கே படிக்கலாம்?
ஒரு மாணவன்

அன்புள்ள தம்பிக்கு,

பணம் கட்டுமுன் ஒன்று கேளுங்கள்: ஒரே இடத்துக்கு எத்தனை தடவை கூட்டிப்போவார்கள்? தினம் ஓர் இடம் என்றால் அது சுற்றுலா. அதற்கு அவ்வளவு பணம் வேண்டாம்.

படிக்கும் காலத்தில் பிச்சாவரம் பக்கம் சேற்றில் நண்டு எண்ணினேன். ஆணுக்கு ஒரு கொடுக்கு மட்டும் பெரிதாக இருக்குமே, அந்தச் சின்ன நண்டு. பிளாஸ்டிக் குழாயில் செய்த ஒரு மீட்டர் சதுரத்தைப் போட்டு, உள்ளே இருந்த வளைகளை எண்ணினேன். நாற்பதுக்கு மேல். நாற்பது நண்டு என்று பெருமையாக எழுதிக் காட்டினேன். ஆசிரியர் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் அதே சதுரத்துக்கு எதிரே பைனாகுலரோடு உட்காரவைத்தார். காலடி அதிர்வில் எல்லாம் உள்ளே போயிருந்தன. அசையக்கூடாது, கொசு வேறு. அப்புறம் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. வளைகளில் பாதிகூடத் தேறவில்லை. மூன்றாம் நாள் அதே மணிக்குப் போனால் சதுரம் இன்னும் தண்ணீருக்குள் கிடந்தது. ஓதம், அதாவது கடல்நீர் ஏறி இறங்கும் நேரம், நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும் என்று பரீட்சையில் எழுதியவன்தான் நான்.

முதுமலையில் 1988இல் இந்திய அறிவியல் கழகத்தார் 50 ஹெக்டேர் காட்டில், ஒரு சென்டிமீட்டர் தடிமனுள்ள கன்றிலிருந்து எல்லா மரங்களுக்கும் எண் போட்டார்கள். திரும்பத் திரும்ப அதே மரங்களிடம் போனதால்தான் எது யானையால் போயிற்று, எது தீயில் போயிற்று என்று அவர்களால் சொல்ல முடிகிறது.

எம்.எஸ்ஸி.க்கு டேராடூன் இந்திய வன உயிரினக் கழகம், பெங்களூர் தேசிய உயிரியல் அறிவியல் மையம், மயிலாடுதுறை ஏ.வி.சி. கல்லூரி எல்லாம் இருக்கின்றன. கடல் பிடிக்குமென்றால் பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம். வெள்ளாற்று முகத்துவாரம் பக்கத்திலேயே. எல்லா இடத்திலும் ஆண்டுதோறும் சேர்க்கை இருக்காது, முன்பே விசாரித்து வையுங்கள்.

அதுவரை உங்களுக்கு அமராவதி ஆறு இருக்கிறது. கரையில் ஓர் இடம், ஞாயிறு காலை ஒரே நேரம், அரை மணி. கொக்கும் நீர்க்காகமும் எத்தனை என்று எண்ணுங்கள். ஒன்றுகூட வராத நாளில் 0 என்று எழுதவேண்டும், அந்த நாளை விட்டுவிடக் கூடாது. பென்சிலில் எழுதுங்கள்; மழை பட்டால் பேனா மை ஓடிவிடும். மூன்று மாதம் கழித்து நோட்டைப் படம் எடுத்து அனுப்புங்கள், பார்க்கிறேன்.